கம்பியில்லாத சுவிட்ச் போர்டு

அவளுடைய விசா அட்டையில் பெயருக்குக் கீழே ஒரு வரி உண்டு. சார்ந்திருப்பவர், வேலை செய்ய அனுமதி இல்லை. அட்டை கைக்கு வந்த அன்று சாயங்காலம் புருஷன் அந்த வரியை நண்பர்கள் நாலு பேருக்கு முன்னால் சத்தமாகப் படித்தான். படித்துவிட்டு, "அதாவது என்கூட வந்த பார்சல்னு போட்டிருக்கான்," என்றான். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். பார்சல், டீ போடு. பார்சல், என் சாக்ஸ் எங்கே. கெட்டவன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது. கை நீட்ட மாட்டான், குரலை உயர்த்த மாட்டான். ஒரு நகைச்சுவை கிடைத்துவிட்டால் மட்டும் அது நார் நாராகப் போகும்வரை விட மாட்டான்.

ஊரில் அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவள். பன்னிரண்டு பேர் அவளைக் கேட்டுத்தான் அலமாரியைத் திறப்பார்கள். இங்கே வந்து எட்டு மாதம் ஈ ஓட்டினாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்துக்காரர்கள் எப்போது திரையை விலக்குகிறார்கள், யார் வீட்டில் எந்த நாள் சண்டை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. புருஷன் சாயங்காலம் வந்து "இன்னைக்கு என்ன பண்ணே?" என்று கேட்பான். பதிலுக்குக் காத்திருக்க மாட்டான்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாகத் துணி துவைக்கிற மெஷின்கள் இருந்தன. அங்கேதான் மேல்வீட்டு அக்கா பழக்கமானாள். இரண்டு மாடி மேலே குடியிருப்பவள். நாற்பது வயது. எலக்ட்ரீஷியனின் மகள், படித்தது கணக்கு. பத்து வயதில் ஒரு பெண் குழந்தை. அவளுடைய அட்டையிலும் அதே வரி. ஆனால் அக்கா மூன்று வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், ஊரில் இருக்கிற ஒரு தேர்வு நிறுவனத்துக்கு. வீட்டில் உட்கார்ந்தபடி கணக்கு வினாத்தாள் தயாரித்து அனுப்புவாள். அது அக்காவின் புருஷனுக்கே தெரியாது.

"இந்த ஊர்க்காரனுக்கு வேலை செய்யக் கூடாதுன்னுதானே போட்டிருக்கான்," என்றாள் அக்கா, ஈரத் துணியை உதறியபடி. "நம்ம ஊர்க்காரனுக்கு செய்யறத யாரு வந்து பாக்கப் போறா?"

அது சட்டப்படி சரியா தப்பா என்று இரண்டு பேரும் எங்கேயும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் தெரிந்துவிடுமே.

அக்காவைப் பார்த்துத்தான் அவளும் ஊரில் இருக்கிற நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். அங்கே வேறொரு சிக்கல் இருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், ஆனால் வீடு ஊரில்தான் இருக்க வேண்டும் என்று எல்லா நிறுவனமும் எழுதி வாங்கிக்கொண்டது. அவள் அம்மா வீட்டு முகவரியைக் கொடுத்தாள். ஊரிலிருந்து இணையத்துக்கு வருவதுபோலக் காட்டுகிற ஒரு செயலியையும் அக்காவே போட்டுக் கொடுத்தாள். மிச்சம் இருந்தது சுவர். வீடியோவில் பேசும்போது முதுகுக்குப் பின்னால் சுவர் தெரியும், சுவரில் பிளக் பாயின்ட் தெரியும். இந்த நாட்டுப் பிளக்கின் ஓட்டை வேறு, நம் ஊர்ப் பிளக்கின் ஓட்டை வேறு. அதைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

அக்கா போன தடவை ஊருக்குப் போனபோது இரண்டு சுவிட்ச் போர்டு வாங்கி வந்திருந்தாள். வெள்ளை நிறம், இரண்டு சுவிட்ச், மூன்று ஓட்டைப் பிளக், ஓரத்தில், சுவிட்சைப் போட்டால் எரிகிற கடுகளவு சிவப்பு இண்டிகேட்டர். ஒன்றைத் தன் வீட்டுச் சுவரில் ஒட்டி, மற்ற நேரத்தில் மகளின் கோட்டை மாட்டி மறைத்து வைத்திருந்தாள். இன்னொன்றை இவளுக்குக் கொண்டுவந்து, அதேபோல இருபக்கமும் ஒட்டுகிற டேப்பைப் பின்னால் நாலு துண்டு வைத்து, சாப்பாட்டு மேஜைக்கு மேலே அழுத்தி ஒட்டினாள். தள்ளி நின்று பார்த்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு கம்பியோடும் சேராமல் அது பாட்டுக்குச் சுவரில் இருந்தது. பிளக்கில் அக்கா ஒரு பழைய சார்ஜரையும் செருகிவிட்டாள், நம்புகிற மாதிரி இருக்கட்டும் என்று.

வேலை கிடைத்தது. கிடைத்த வேலைதான் வேடிக்கை. பல நிறுவனங்களுக்காக, அவற்றின் ஊழியர்கள் சொன்ன இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்கிற நிறுவனம் அது. ஊழியர்கள் தங்கள் அறையை ஒரு நிமிடம் வீடியோ எடுத்து அனுப்புவார்கள். ஜன்னல், கூரை, பிளக் பாயின்ட், மூன்றும் தெரிய வேண்டும். அவள் பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று ஒரு பட்டனை அழுத்த வேண்டும். ஒரு கோப்புக்கு ஏழு நிமிடம். திருடனைப் பிடிக்கத் திருடனையே வைத்தது நிறுவனத்துக்குத் தெரியாது. அவளுக்கு அந்த வேலை கைவந்த கலையாக இருந்தது, எங்கே பொய் இருக்கும் என்று தெரிந்தவள் அல்லவா. வெயில் விழுகிற கோணம், ஜன்னல் தாழ்ப்பாள், வெளியே போகிற வண்டியின் ஹாரன், எதையும் விட மாட்டாள். மூன்றே மாதத்தில் அலுவலகத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்தார்கள்.

வீட்டிலும் மாற்றம் வந்தது. வேலையை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று புருஷன் கண்டிப்பாகச் சொன்னான், தன் விசாவுக்கு ஆபத்து என்று. ஆனால் அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது குனிந்து, அடிக்குரலில், "மேடம், டீ வேணுமா?" என்று கேட்க ஆரம்பித்தான். பாதி கிண்டல்தான். மீதிப் பாதிக்காக அவள் எதையும் செய்வாள். பார்சல் என்ற சொல் அந்த வீட்டை விட்டே போய்விட்டது. அது திரும்பி வரக் கூடாது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே வேண்டுதல்.

வேலை ரகசியம் என்று கையெழுத்துப் போட்டிருந்ததால் அக்காவிடம் அவள் விவரம் சொல்லவில்லை. ஏதோ ஃபைல் பார்க்கிற வேலை என்று மட்டும் சொல்லியிருந்தாள். அக்காவும் தோண்டித் துருவவில்லை. அக்காவுக்குத் தன் பாடே பெரும்பாடு. அவளுடைய புருஷன் கோபம் வந்தால் பேச மாட்டான். போன முறை நாற்பது நாள் பேசவில்லை. கோபம் முற்றினால் இணைய இணைப்புப் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போய்விடுவான். அன்றைக்கெல்லாம் அக்கா லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே இறங்கி வருவாள். "பாக்ஸை எடுத்துட்டுப் போயிட்டார்," என்பாள். இரண்டு பேரும் மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து மத்தியானம் வரை அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

அப்படி ஒருநாள்தான் அக்கா மனதில் இருந்ததைக் கொட்டினாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் மகளோடு ஊருக்குக் கிளம்பிவிடப் போகிறாள், திரும்பி வர மாட்டாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இன்னும் இரண்டு மாதம்.

"வக்கீல்கிட்ட பேசினேன்," என்றாள். "அவங்க முதல்ல கேட்டதே உங்களுக்கு வேலை இருக்கான்னுதான். இருக்குன்னேன். அப்ப பொண்ணு உங்ககூட இருக்கலாம், தைரியமா வாங்கன்னாங்க. இந்த வேலை இல்லன்னா நான் எங்கேயும் போக முடியாதும்மா. போனாலும் தனியாத்தான் போகணும்."

நல்ல முடிவு அக்கா என்று அவள் சொன்னாள். அக்கா போய்விட்டால் இந்தக் கட்டடத்தில் தனக்கு யார் இருக்கிறார்கள்? எதிர்க் கட்டடத்து ஜன்னல்தான். அந்த எண்ணத்துக்காக அவள் வெட்கப்பட்டாள். ஆனாலும் அது போகவில்லை.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. பதினோராவது கோப்பைத் திறந்தாள். வீடியோ ஓடியது. கூரை. ஜன்னல், திரை மூடியிருந்தது. பிறகு சுவர், சுவரில் வெள்ளை சுவிட்ச் போர்டு, பிளக்கில் சார்ஜர். கடைசியாக வீடியோ எடுத்தவர் தன் முகத்தைக் காட்ட வேண்டும். காட்டினார். மேல்வீட்டு அக்கா.

வினாத்தாள் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பதால் தேர்வு நிறுவனம் தன் ஆட்களைச் சரிபார்க்கச் சொல்லி இவள் நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. திரையின் மூலையில் ஏழு நிமிடம் குறைய ஆரம்பித்தது.

சரி என்று அழுத்திவிட்டுப் போயிருக்கலாம். முதலில் விரல் அங்கேதான் போனது. ஆனால் அவள் கண் பழகிய கண். சார்ஜர் செருகியிருக்கிறது, சுவிட்ச் போட்டிருக்கிறது, இண்டிகேட்டர் எரியவில்லை. இதைக் கவனிப்பார்கள் என்று அக்காவும் நினைக்கவில்லை, அவளும் இதுவரை நினைத்ததில்லை. பத்துக் கோப்பில் ஒன்று மேலாளரின் மேஜைக்குப் போகும். அந்தக் காலாண்டில் அவள் ஏற்கெனவே இரண்டைக் கோட்டைவிட்டிருந்தாள். மூன்றாவது தவறினால் விதிப்படி அவளுடைய அறையையே நேரலையில் சோதிப்பார்கள். தெரிந்தவர் என்று ஒரு மூன்றாவது பட்டனும் இருந்தது. அதை அழுத்தினால் எப்படித் தெரியும் என்று எழுதச் சொல்லும். என்னவென்று எழுதுவது? இரண்டு மாடி மேலே இருக்கிறார் என்றா?

நாலு நிமிடம் இருந்தபோது டிக்கெட் ஞாபகம் வந்தது. அந்தக் குழந்தை ஞாபகம் வந்தது. மூன்று நிமிடத்தில், அக்கா போக வேண்டாமே என்ற நினைப்பும் வந்தது. அதை அவள் பிறகு யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை, தன்னிடமேகூட. இரண்டு நிமிடம் இருக்கும்போது சரியில்லை என்ற பட்டனை அழுத்தினாள்.

காரணம் எழுத ஒரு கட்டம் வந்தது. வேறு யாராவது என்றால் ஒரு வரி எழுதியிருப்பார்கள். கழுகு ஆயிற்றே, அரைகுறையாக எழுதி அவளுக்குப் பழக்கமில்லை. செய்ததைச் சரியாகவாவது செய்வோம் என்று எழுதினாள்: "சார்ஜர் செருகியிருந்தும் இண்டிகேட்டர் எரியவில்லை. சுவிட்ச் போர்டு போலி. பின்பக்கம் கம்பி எதுவும் இல்லை. இருபக்கமும் ஒட்டும் டேப் நாலு துண்டு வைத்துச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது." அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தாள். டீ ஆறிப்போயிருந்தது. பன்னிரண்டாவது கோப்பைத் திறந்தாள்.

அன்றே மேலாளர் அவளைப் பாராட்டி எல்லாருக்கும் கடிதம் அனுப்பினார். மேலாளர் ஒரு பெண்மணி. குரல் மென்மையாக இருக்கும், ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. கழுகைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், வீடியோவைப் பார்த்தே சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார் என்று எழுதியிருந்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இனிமேல் இண்டிகேட்டரும் பார்க்கப்படும், நமக்கு நாமே முன்மாதிரியாக இருக்க வேண்டும், ஆகவே அடுத்த வியாழக்கிழமை சரிபார்ப்பவர்கள் அனைவரின் அறையும் நேரலையில் சோதிக்கப்படும், பாராட்டுப் பெற்றவரிடமிருந்தே தொடங்குவோம் என்று முடித்திருந்தார். அவள் தலையைத் திருப்பித் தன் சுவரைப் பார்த்தாள். சார்ஜர் செருகியிருந்தது. சிவப்புப் பொட்டு செத்துக் கிடந்தது.

ஐந்து நாள் கழித்து அக்கா கதவைத் தட்டினாள். முகம் வீங்கியிருந்தது. வேலை போய்விட்டது என்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னாள். வக்கீலிடம் பேசினாளாம், வேறு வேலை கிடைத்த பிறகு பார்க்கலாம் என்றார்களாம். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாளாம்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சாங்க?" என்று அவள் கேட்டாள். கேட்காவிட்டால்தான் சந்தேகம் வரும் என்று நினைத்தாள்.

அக்கா அவளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "போர்டுல லைட்டு எரியலையாம்," என்றாள்.

அவளுக்கு உள்ளுக்குள் கூசியது. உண்மையிலேயே கூசியது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வியாழக்கிழமைக்கு நாலே நாள்தான் இருந்தது, இந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த ஒரே எலக்ட்ரீஷியன் மகள் எதிரே நின்றாள். எங்க ஆபீஸ்லயும் இதேபோல் பார்க்கப் போகிறார்களாம் அக்கா, எனக்கு ஒரு லைட் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேவிட்டாள். அந்தக் கேள்வி வாயிலிருந்து வந்த வேகம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அக்கா போட்டுத் தருகிறேன் என்றாள்.

மறுநாள் காலையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். மகளின் உடைந்த பொம்மையிலிருந்து எடுத்த சின்ன சிவப்பு பல்பு, பட்டன் பேட்டரி, முடிபோல மெல்லிய கம்பி. போர்டை மெதுவாகச் சுவரிலிருந்து பிரித்து மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து இவள் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாம் நல்லதுக்குத்தான் அக்கா, வேறு வேலை கிடைக்கும், உங்கள் திறமைக்கு என்ன குறை. அக்கா உம் கொட்டினாள். முக்கால் மணி நேரத்தில் போர்டு மறுபடி சுவருக்குப் போனது. ஓரத்தில் சிவப்பு விளக்கு அழகாக எரிந்தது, நிஜப் போர்டு தோற்றுவிடும்.

"நாலு பக்கமும் பசை வச்சிருக்கேன்," என்றாள் அக்கா, டப்பாவை மூடியபடி. "காயணும். வியாழக்கிழமை வரைக்கும் சுவிட்சைத் தொடாதே. எரியட்டும். பேட்டரி தாங்கும்."

அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அக்கா கையை எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தவர் சுவரை அணு அணுவாகப் பார்க்கிறவள், தன் சுவரில் இருந்ததை ஒரு தடவை போட்டு அணைத்துப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை மேலாளரின் முகத்தை முதல் தடவையாகத் திரையில் பார்த்தாள். குரலைப் போலவே முகமும் மென்மையாக இருந்தது. சும்மா ஒரு சம்பிரதாயம்தான் என்று சிரித்தார். கூரையைக் காட்டச் சொன்னார், காட்டினாள். ஜன்னல், மூடிய திரை, சரி. போர்டுக்குப் பக்கத்தில் போகச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரொம்ப நல்லது என்றார்.

"இப்ப சுவிட்சை மட்டும் ஒரு தடவை அணைச்சுக் காட்டுங்க."

அணைத்தாள். டக்கென்று சத்தம் கேட்டது. விளக்கு அப்போதும் எரிந்தது.

போட்டாள், அணைத்தாள். இன்னொரு சுவிட்சையும் அணைத்தாள். சார்ஜரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். விளக்கு எதற்கும் அசையவில்லை. எங்கள் தெருவில் கரண்டில் ஏதோ கோளாறு என்று ஆரம்பித்தாள், அதை முடிக்கவும் தெரியவில்லை.

"பரவால்ல, விடுங்க," என்றார் மேலாளர், அதே மென்மையாக. "உங்களைப் பத்தி எல்லாருக்கும் எழுதினேன் பாருங்க, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

ஏழு நிமிடம்கூட ஆகவில்லை, கணக்கை முடக்கிவிட்டார்கள். திரையில் அவளுடைய பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது.

செருப்பைக்கூடப் போடாமல் மாடி ஏறினாள். அக்கா உடனே கதவைத் திறந்தாள், எதிர்பார்த்திருந்தவள்போல. அவள் மூச்சு வாங்கியபடி, "அணைச்சாலும் எரியுதுக்கா," என்றாள்.

"தெரியும்," என்றாள் அக்கா.

உள்ளே போய் போனை எடுத்து வந்தாள். தேர்வு நிறுவனம் அனுப்பிய வேலை நீக்கக் கடிதம். கீழே சரிபார்த்தவரின் குறிப்பை அப்படியே சேர்த்திருந்தார்கள், பெயர் இல்லாமல். அக்கா அதை வினாத்தாள் படிக்கிற குரலில் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். பின்பக்கம் கம்பி எதுவும் இல்லை. டேப் நாலு துண்டு.

"வீடியோவுல முன்பக்கம் மட்டும்தாம்மா தெரியும்," என்றாள். "பின்பக்கம் என்ன இருக்குன்னு இந்த உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒட்டினவ நான்."

அவள் என்னென்னவோ சொன்னாள். மூன்றாவது தவறு, நேரலைச் சோதனை, ஏழு நிமிடம், வேறு வழியில்லை. அழவும் அழுதாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே மகள் ஏதோ கேட்டுக் கூப்பிட்டாள். இதோ வரேன் என்று சொல்லிவிட்டு அக்கா கதவைச் சாத்தினாள், ஓங்கிச் சாத்தவில்லை.

சாயங்காலம் புருஷனிடம் வேலை போனதை மட்டும் சொன்னாள். அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விசா தப்பித்ததே என்றான், உண்மையிலேயே நிம்மதியாக இருந்தான். சோபாவில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டான். "சரி விடு," என்றான் அன்பாகத்தான். "பார்சல், ஒரு டீ போடேன்."

அவள் போய்ப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அழைப்பு மணி அடித்தது. அக்கா நின்றுகொண்டிருந்தாள், கக்கத்தில் லேப்டாப். கண் இவளைப் பார்க்கவில்லை, வாசல் நிலையைப் பார்த்தது.

"பாக்ஸை எடுத்துட்டுப் போயிட்டார்," என்றாள். "நாலு இடத்துக்கு விண்ணப்பம் போடணும்."

அந்தக் கட்டடத்தில் அக்காவுக்குப் போக வேறு வீடு இல்லை. இவளுக்கு வர வேறு ஆள் இல்லை. அவள் விலகி வழிவிட்டாள். அக்கா எப்போதும் உட்காருகிற நாற்காலியில், போர்டைப் பார்த்த பக்கமாக உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். பசை இறுகிவிட்டதால் போர்டைப் பிரித்தால் சுவர் பெயர்ந்து வரும், வாடகை வீடு, ஆகவே யாரும் அதைத் தொடவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இவள் டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தபோது அக்கா தலையை நிமிர்த்தி ஒரு தடவை அதைப் பார்த்தாள்.

"நல்ல பேட்டரி," என்றாள்.